நொண்டிக் குதிரையும் பொன் வில்லையும்

ஸ்விந்தா கொண்டு வந்த ரோமானியக் காசில் ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன். பொற்கொல்லன் ஹகிராத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் கேட்டதோ கழுத்தில் மாட்டுகிற மெல்லிய பொன் வில்லை. அதற்கு ஒரு முகம்தான்.

"ரெண்டையும் ஒண்ணாப் போட்டுடுங்கண்ணே. தலை மேல, குதிரை கீழ. ஆனா குதிரை என்னோட குதிரையா இருக்கணும். சாமி பாத்ததும் ஸ்விந்தா வீட்டுச் செவலைன்னு தெரிஞ்சுக்கணும்."

அந்தச் செவலைக்குப் பத்து நாளாக இடது முன்னங்காலை ஊன்ற முடியவில்லை.

"காலை மடக்கிப் போடவா, நேராப் போடவா?"

"மடக்கித்தான். நேரா இருந்தா என்ன நோவுன்னு சாமிக்கு எப்படித் தெரியும்?"

"மடக்கிப் போட்டு, அது அப்படியே நின்னுபோச்சுன்னா?"

"பயமுறுத்தாதீங்கண்ணே. மடக்கியே போடுங்க."

வெண்கல அச்சில் குடைந்து, தகட்டை அதில் அழுத்தினால் உருவம் இடம் வலமாக மாறி விழும். இருபது வருஷமாக அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பாதி வேலையில் ஸ்விந்தாவின் கொட்டிலுக்குப் போய்க் குதிரையை இன்னொரு முறை பார்த்தான். அது அவனுக்கு நேராக நின்றது. அதன் இடது கால் அவனுக்கு வலப்பக்கம். அங்கேதான் புத்தி பிசகியது. வீட்டுக்கு வந்து, அச்சில் கீறியிருந்த காலை ஒரு முறை மாற்றினான். சந்தேகம் வந்து மறுபடியும் மாற்றினான், பிறகு இன்னொரு முறையும்.

தகட்டைப் பிரித்தெடுத்ததும் அவன் மனைவி லியூபா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஆடா இது?"

"குதிரை."

"கொம்பு இருக்கே?"

"காதுடி. உளி வழுக்கிடுச்சு."

"அதுசரி, நொண்டுறது வலது காலா?"

ஹகிராத் தகட்டைக் கண்ணருகே கொண்டுபோனான். மடங்கியிருந்தது வலது கால்தான். உருக்கி மறுபடி செய்யலாம் என்று அவன் எழுந்தபோது ஸ்விந்தாவே வாசலில் நின்றாள். வில்லையைப் பிடுங்காத குறையாக வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடிவிட்டாள். கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவள் வேலியைத் தாண்டியிருந்தாள்.

மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது வலது காலும் போய்விடுமோ?

நாலாம் நாள் ஸ்விந்தா பெரிய பாலாடைக்கட்டியோடு வந்தாள். "செவலை ஓடுதுண்ணே! நாலு காலும் இரும்பு மாதிரி!"

அவனால் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னான். அவள் கழுத்து வில்லையைத் தூக்கி, தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக் கணக்குப் போட்டாள்.

"ஆமா... தப்புக் கால்தான். அப்புறம் எப்படிண்ணே சரியாச்சு?"

"எனக்கென்ன தெரியும்? தானாவே ஆறியிருக்குமோ என்னவோ."

"தானா ஆறுறதா இருந்தா முன்னாடியே ஆறியிருக்கணுமே." பாலாடைக்கட்டியை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "என் தங்கச்சி வீட்டு எருதுக்குப் பின்னங்கால் வீங்கிக் கிடக்கு. அவளும் ஒண்ணு கேக்குறா."

"எந்தக் காலைப் போடறது? நோவு வந்த காலையா, நல்ல காலையா?"

"நீங்கதான் சொல்லணும்."

"நீதான் சொல்லணும்."

இரண்டு நாள் அச்சைத் தொடாமலே இருந்தான் ஹகிராத். கடைசியில், நாலு காலையும் வயிற்றுக்கு அடியில் மடக்கிப் படுத்திருக்கும் எருது ஒன்றைக் குடைந்தான். எந்தக் கால் எது என்று யாரும் கேட்க முடியாது.

ஸ்விந்தா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள்.

"நாயாண்ணே?"

"எருதும்மா," என்றான். சொன்ன பிறகு அவனும் குனிந்து ஒரு முறை பார்த்துக்கொண்டான்.