பரீட்சைக்கு வந்த நெஞ்சு

வெள்ளைத்துரைக்கு வந்தது லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் புற்று. பரவைப் பக்கம் ஒரு மில்லில் இருபத்தாறு வருஷம் நீராவிக் குழாய்களுக்குக் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார்க் கயிறு சுற்றியதில் வந்த வினை என்றார் வைத்தியம் பார்த்த டாக்டர் ஜனகராஜ். 1984இல் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து உறையை உரித்தெடுத்தார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஜில்லாவுக்கே எனக்கு மட்டுந்தான்யா" என்று டீக்கடையில் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார்.

இப்படிப்பட்ட ஆளை மருத்துவக் கல்லூரி விடுமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரீட்சைக்குக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரவைத்தது. மாணவர்கள் தட்டிப் பார்த்து நோயைச் சொல்ல வேண்டும். திணறுகிற பிள்ளைகளின் காதில் வெள்ளைத்துரையே விடையை ஓதிவிடுவார்.

86ஆம் வருஷம் வசுந்தரா என்ற மாணவி வந்தாள். பயத்தில் வியர்த்துக் கொட்டியது.

"பயப்படாத தாயி. இடது பக்கம், உறையில புத்து. ஆபரேசன் ஆகி ரெண்டு வருசமாச்சு, இப்பச் சுத்தமாக் கொணமாயிருச்சு. அப்படியே ஒப்பிச்சிரு."

அவள் தலையாட்டிவிட்டு முதுகில் விரல் வைத்துத் தட்டினாள். விலா விலாவாக இறங்கி, சத்தம் மந்தமான ஓரிடத்தில் நின்றாள். மறுபடி தட்டினாள்.

வெள்ளைத்துரைக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாகப் படியேறினால் மூச்சு வாங்குவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வயசாகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி வைத்திருந்தார்.

தேர்வாளர் வந்து கேட்டார். வசுந்தரா வெள்ளைத்துரையைப் பார்த்தாள்.

"சொல்லு தாயி. எனக்காக மார்க்க விட்றாத."

"இடது அடிப்பக்கம் தண்ணி கோத்திருக்கு சார். நோய் திரும்ப வந்திருக்கலாம்."

ஜனகராஜ் ஓடிவந்து தட்டிப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"பிள்ள சொல்றது சரியா டாக்டரே?"

"சரிதாண்ணே."

"அப்பப் பாஸ் போடுங்க."

சோதனைகளும் அதையே சொல்லின. ஜனகராஜ் மறைக்கவில்லை. இனி அறுக்க முடியாது. தண்ணீரை எடுக்க எடுக்க மூச்சு லேசாகும், அவ்வளவுதான். வெள்ளைத்துரை வெகுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மனைவி ஒச்சாயி வந்துதான் திருப்பினாள்.

"ஒரு மாசமா மூச்சு வாங்குச்சாமே, டாக்டரு சொல்றாரு? கட்டுனவகிட்டச் சொல்லாமப் பரீட்சையில வந்து சொன்னீகளாக்கும்?"

"நா எங்கடி சொன்னேன்? அந்தப் பிள்ளையில்ல கண்டுபிடிச்சுச்சு."

"அதுக்காச்சும் புத்தி இருக்கே" என்றவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு பதினாலு மாதம் இருந்தார். ஏழு தடவை தண்ணீர் எடுத்தார்கள். எடுத்த மறுநாளே ஒச்சாயியோடு பழங்காநத்தத்து மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார். போனதும் கறிக்குழம்பு வைக்கச் சொல்வார்.

"நெஞ்சுல எடம் காலியா இருக்கும்போதே தின்னுறணும் ஆத்தா" என்பார் மகளிடம்.