யூர்கோ வண்டியின் விருந்தாளி

"கப்பைக் கீழ வை."

மிகைலோ டானிலுக் போட்ட அதட்டலில் யூர்கோவின் கை அப்படியே நின்றது. தேநீர் குடித்த கப்பைத் தொட்டியில் போட எழுந்திருந்தான் அவன்.

"என் வீட்டுக்கு வந்த விருந்தாளி எச்சில் கப்பை எடுக்கிறதா? உக்காரு."

"உங்க கவுரவம் யாருக்கு வரும், பெரியவரே!"

மருமகள் ஓரிஸ்யா மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டியபடி பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நாளைக்கு ரெஜைனா டவுன்லேர்ந்து இன்சூரன்ஸ்காரர் வர்றார். கோயில் கூடத்துல வச்சு விசாரிப்பார்," என்றான் யூர்கோ. "மருமக என் வண்டியில சும்மாதான் வந்துச்சு, என் விருந்தாளின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இன்னொரு கேஸும் சேர்ந்தா என் லைசென்ஸே போயிடும்."

ஊருக்கும் நகரத்துக்கும் ஆள் ஏற்றிப் போகும் யூர்கோவின் வண்டி பாலத்தடியில் கவிழ்ந்ததற்குக் காரணம் தேய்ந்த பிரேக். அதை யூர்கோவே மறுக்கவில்லை. அதில் டிக்கெட் வாங்கி ஏறிய வாத்தியாருக்கு உடைந்த மூக்குக்கண்ணாடிக்குக்கூடப் பணம் வந்துவிட்டது. ஆனால் காசு கொடுக்காமல் சும்மா ஏறியவர் விருந்தாளி. விருந்தாளிக்கு அடிபட்டால் வண்டிக்காரர் பொறுப்பில்லை என்றது சட்டம். ஓரிஸ்யாவின் முழங்கால் இனி மடங்காது. நகரத்து ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நிற்கும் வேலை, நேற்றோடு போயிற்று.

மிகைலோவின் மகன் இறந்த வருஷம், 'விதவைகளுக்கு இலவசம்' என்று யூர்கோ தன் வண்டியின் நெற்றியில் பலகை மாட்டினான். பாதிரியார் பிரசங்கத்திலேயே பாராட்டினார். தன் மகனுக்குச் செய்த மரியாதை என்று மிகைலோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஆஸ்பத்திரி வேலையில்லாத சனிக்கிழமைகளிலும் மருமகள் சிவந்து வெடித்த கைகளோடு வீடு திரும்புவதை அவர் பார்த்ததுண்டு. எங்கே போனாய் என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"நம்ம வீட்டுப் பேரைக் காப்பாத்தணும்மா," என்றார் இப்போது. "விருந்தாளின்னு சொல்றதுல என்ன குறைச்சல்?"

ஓரிஸ்யா கத்தியைக் கீழே வைத்தாள். "யூர்கோ அண்ணே, வண்டிய ரிப்பேர் பண்ணியாச்சா?"

"ஓடுது. உள்ளதான் ஒரே சேறு. நீ படுத்ததுலேர்ந்து யாரும் ஒழுங்காக் கழுவல. டெக்லாவும் மத்த விதவைங்களும் ஏனோதானோன்னு செய்றாங்க. உன் கை மாதிரி வராது."

சொன்ன பிறகுதான் யூர்கோ வாயை மூடினான்.

"மாமா," என்றாள் ஓரிஸ்யா. குரல் உயரவில்லை. "நம்ம வீட்ல விருந்தாளி தன் கப்பைக்கூட எடுக்கக் கூடாது. நான் ஆறு வருஷம் இவர் வண்டியில முட்டி போட்டு, அடுத்தவங்க வாந்தியத் துடைச்சேன். நான் யாரு வீட்டு விருந்தாளி?"

யூர்கோ தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவினான்.

மறுநாள் கோயில் கூடம் நிரம்பியிருந்தது. மிகைலோ ஈஸ்டருக்குப் போடும் கோட்டில் வந்தார்.

"உங்க மருமகள் இவரோட விருந்தாளிதானே?" யூர்கோவைக் காட்டிக் கேட்டார் இன்சூரன்ஸ்காரர்.

"இல்லை." முதுகு வளையாமல் நின்றார் மிகைலோ. "அவ இவன் வண்டியைக் கழுவினவ. வாராவாரம். அதுதான் அவ கொடுத்த டிக்கெட்டு."

யூர்கோவின் மனைவி நாஸ்தியா களுக்கென்று சிரித்தாள். "டானிலுக் வீட்டு மருமக வண்டி கழுவுறவளா! இத்தனை நாள் சொல்லவேயில்லையே பெரியவரே!"

அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் ஆறு வருஷமாகப் பயந்திருந்தார்.

"ஆமாம். கழுவுறவதான். நல்லாக் கேட்டுக்க. பிரேக்கைப் பார்க்க ஆளில்லாத வண்டிக்குத் தரையைக் கழுவ மட்டும் ஆள் இருந்தாங்க."

கடைசி பெஞ்சிலிருந்து டெக்லா எழுந்தாள். "நானும் கழுவினேன்." பக்கத்தில் இன்னும் இரண்டு விதவைகள் எழுந்தார்கள்.

இன்சூரன்ஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "கழுவினதைக் கட்டணமா எடுத்துக்கலாமான்னு மேலிடம்தான் சொல்லணும். மாசக் கணக்காகும்."

"மூக்குக்கண்ணாடிக்கு எந்த மேலிடத்தைக் கேட்டீங்க?" என்றாள் ஓரிஸ்யா.

அந்தச் சனிக்கிழமை வண்டி கழுவ யாரும் போகவில்லை. ஞாயிறு காலை அது உள்ளும் புறமும் சேறு அப்பியபடி கோயில் வாசலில் வந்து நின்றது. நெற்றியில் பலகை இருந்தது. சேற்றுக்கடியில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.