கூடையின் மேலே வைக்கும் மீன்

கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் நின்ற ஐஸ் லாரியின் பின்பக்கம் குனிந்து மெட்டில்டா ஒரு சங்கரா மீனின் செவுளைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

“அக்கா!”

திரும்பாமலே யாரென்று தெரிந்துவிட்டது. மழலை பேசின நாளிலிருந்து கேட்டுப் பழகின குரல். அவள் மீன் விற்கப் போகிற ராஜகீழ்ப்பாக்கத்துச் சரோஜினி டீச்சரின் மகள் ஜெரூஷா. தாம்பரத்திலிருந்து கோவளம் போகிற முதல் பஸ்ஸில் வந்தவள், ஜன்னல் வழியே பார்த்துவிட்டு நடுவழியிலேயே இறங்கியிருக்கிறாள். முதுகில் பை, கையில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பொழுது இன்னும் முழுசாக விடியவில்லை. ஆனாலும் லாரியின் நெற்றியில் தெலுங்கில் கொட்டை எழுத்தாக எழுதியிருந்தது நன்றாகத் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. மெட்டில்டாவின் கெட்ட நேரம், வேறென்ன சொல்ல.

அந்தப் பெண் தாம்பரத்தில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறது. கடலும் வெயிலும் மாறிக்கொண்டே போகும்போது மீன்பிடிக்கிற ஜனங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது விஷயம். கோவளத்துக்கு இப்படிப்பட்டவர்கள் புதிதில்லை. தொப்பி போட்டவர்கள், கேமரா மாட்டியவர்கள், தண்ணீர் பாட்டிலை விட்டுப் பிரியாதவர்கள் என்று எத்தனையோ பேர் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு ஊருக்கே பதில் மனப்பாடம். தண்ணி சூடாயிடுச்சு, மீனு தூரமா போயிடுச்சு, கவர்மெண்டு பாத்து செய்யணும். ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன உண்மை.

ஜெரூஷா வந்தபோது மட்டும் மெட்டில்டாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் பெண்ணே பெரிய படிப்புப் படித்து வந்ததுபோலக் கையைப் பிடித்து ஊரெல்லாம் சுற்றிக் காட்டினாள். முன்பு ஏலம் போடுகிற மணல் இருந்த இடம், இப்போது அலை வந்து மோதுகிற கல்லுக்குவியல். “கடலுக்குப் போகாதே” என்று போனில் எச்சரிக்கை வந்தால் படகைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற புருஷன் டெனிஸ். எல்லாம் காட்டினாள். ஒன்றே ஒன்றைத்தான் காட்ட முடியவில்லை. “ஒரு நாள் உங்க கூடவே வரேன்கா. படகுல இருந்து எங்க வீட்டு கேட் வரைக்கும் மீன் எப்படி வருதுன்னு பாக்கணும்” என்று அந்தப் பெண் கேட்டபோதெல்லாம் ஒரு சாக்கு. ஒரு வாரம் பூசை, ஒரு வாரம் முட்டிவலி, ஒரு வாரம் டெனிஸுக்குக் காய்ச்சல். டெனிஸோ நோய்நொடியில்லாமல் கல்லுமாதிரி உட்கார்ந்து போனைத் திட்டிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். படகுகளில் மீன் குறையக் குறைய மெட்டில்டாவின் கூடை அரைக்கூடையானது, அப்புறம் கால்கூடையானது. நாலு மீனைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போவதற்குப் போகாமலே இருக்கலாம். அப்போதுதான் இந்த லாரியைக் கண்டுபிடித்தாள். லாரி மீனைக் கூடையில் நிரப்பி, டெனிஸ் கொண்டுவருகிற நாலைந்து மீனைப் பளபளவென்று மேலே பரப்பிவிடுவாள். கூவுகிற வார்த்தையை மட்டும் மாற்றவில்லை. “கோவளம் மீனேய்!” அந்தக் குரல் கேட்டுத்தான் தெருவே கதவைத் திறக்கும்.

“இது நம்ம ஊர் மீன் இல்லையாக்கா?” என்றாள் ஜெரூஷா.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே கோபமும் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதற்கு இது என்ன சினிமாக் கொட்டகையா?

“பாத்துட்ட இல்ல? அப்புறம் இன்னா கேள்வி? இந்தக் கூடையைப் புடி. ஐஸு உருகுது.”

மீன் கூடையை பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள் என்பதால், கரையோரப் பெண்கள் சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ பேசி வைத்திருந்தார்கள். கூடைகளுக்கு நடுவே முட்டியை மடக்கிக்கொண்டு ஜெரூஷாவும் ஏறிக்கொண்டாள். மற்றவர்கள் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்க ஆரம்பித்தார்கள். வண்டலூர் வந்துவிட்டது. காட்டு மரங்களின் மேல் வெயில் ஏறியபோது அந்தப் பெண்தான் பேச்சைத் தொடங்கினாள்.

“நான் தேடிட்டு இருந்ததே இதுதான்கா. எல்லாரும் கஷ்டத்தைத்தான் சொன்னாங்க. எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு யாருமே சொல்லல.” கண்ணெல்லாம் ஒரு பளபளப்பு. மறுநொடியே அது அணைந்தது. “உங்க பேர் போடமாட்டேன். ஊர் பேரைக்கூட மாத்திடுறேன்.”

“பேரை மாத்தினா? உங்க தெருவுக்கு மீன் தூக்கிகினு வர்ற பொம்பளை நான் ஒருத்திதான? உங்கம்மா படிக்காம வுட்ருவாங்களா? சர்ச்சு மொத்தத்துக்கும் எடுத்துக் காட்டுவாங்க, எம்பொண்ணு எழுதினதுன்னு.”

ஜெரூஷா ஃபைலை மடியில் வைத்து அதன் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தாள். “அப்போ எழுதலக்கா. சத்தியமா. நான் பாக்கவே இல்லன்னு விட்டுடறேன்.”

சொன்னதைச் செய்கிற பெண்தான். மெட்டில்டாவுக்கு அது தெரியும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளையும் மறுநாளும் வழக்கம்போல் ஓடும். டீச்சரின் கேட் மூடினால் அந்தத் தெரு மூடும். தெரு மூடினால் டெனிஸோடு சேர்ந்து அவளும் போனைத் திட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பெண் அவள்மேல் பரிதாபப்பட்டு வாயை மூடிக்கொள்ளப்போகிறது என்பது தொண்டையில் முள்ளாக நின்றது.

“எழுதலன்னா இன்னா எழுதுவ?”

“மத்ததை எழுதுவேன்.”

“கோவளத்துப் பொம்பளைங்க இன்னும் கோவளம் மீனுதான் விக்கறாங்கன்னு எழுதுவியா? அதைப் படிக்கிறவன் இன்னா நினைப்பான்? இவங்க கடலு நல்லாத்தான கீதுன்னு போயிடுவான். நான் கூவின பொய்யி உங்க தெருவோட போவட்டும்னு இருந்தேன். புக்குல வேற ஏத்தணுமா?”

ஜெரூஷா ஃபைலின் ஓரத்தை நிமிண்டுவதை நிறுத்தினாள்.

“எழுது. ஆனா உங்கம்மாகிட்ட நான் சொல்றேன். நீ நடுவுல வாயைத் தொறக்காத.”

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் தாண்டி இறங்கியதும், மூடியிருந்த ஒரு கடையின் படியில் கூடையை வைத்தாள். மேலே கிடந்த வீட்டு மீன்களை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். வழுக்கிக்கொண்டு போய் லாரி மீனோடு கலந்தன. மறுபடி ஒதுக்கினாள். மறுபடி கலந்தன. என்னவோ ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இதுகளுக்கு அப்படி ஒரு ஒட்டுதல். சுற்றுமுற்றும் பார்த்தவள் கையை நீட்டினாள்.

“அந்த ஃபைலைக் குடு.”

ஜெரூஷா காகிதங்களை உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஃபைலைக் கொடுத்தாள். மெட்டில்டா அதைக் கூடையின் குறுக்கே நட்டுக்குத்தலாக நிறுத்தி ஐஸை முட்டுக்கொடுத்தாள். இந்தப் பக்கம் கோவளம், அந்தப் பக்கம் லாரி. கோவளம் பக்கம் பார்க்கவே பாவமாக இருந்தது.

சரோஜினி டீச்சர் எவர்சில்வர் பாத்திரத்தோடு கேட்டருகிலேயே நின்றிருந்தார். சனிக்கிழமை வைக்கிற குழம்புதான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ருசியாக இருக்கும் என்பது அவர் கட்சி.

“வா மெட்டில்டா, ஏன் இவ்ளோ லேட்டு? எதிர்வீட்டு ஆஷாவுக்கு நாளைக்கு கெஸ்ட் வராங்களாம். மார்க்கெட் பக்கமே போகாதே, நம்ம மெட்டில்டா ஃப்ரெஷ்ஷா கொண்டு வருவான்னு சொல்லி வெச்சிருக்கேன்.” அப்புறம்தான் மகளைப் பார்த்தார். “நீ எங்கடி இவளோட?”

ஜெரூஷா வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.

“டீச்சரம்மா, ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டு மீனைக் காட்டறேன்.” மெட்டில்டா கூடையை இறக்கினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “இந்தாண்ட கீறதுதான் எங்க வூட்டு மீனு. அந்தாண்ட கீறது லாரி மீனு. கேளம்பாக்கத்துல வாங்கறேன். நல்ல மீனுதான், கெட்டதை எடுக்கமாட்டேன். ஆனா எங்க ஊரு மீனு இல்ல.”

டீச்சர் கூடையைப் பார்த்தார். நடுவே நிற்கிற நீல ஃபைலைப் பார்த்தார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

“எவ்ளோ நாளா?”

“ரொம்ப நாளாம்மா. எங்க கடல்ல மீனு இல்லாத போனதிலேர்ந்து.”

“ஐஸ் மீன் எங்க வீட்டு வாசப்படி ஏறாதுன்னு நான் எல்லார்கிட்டயும்…” டீச்சர் முடிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. பாத்திரத்தைக் காம்பவுண்டு சுவர்மேல் ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனார். கேட் திறந்தே கிடந்தது.

மெட்டில்டா சும்மாட்டுத் துணியை எடுத்துச் சுருட்டினாள். ஜெரூஷா மெதுவாக, “நான் போய்ப் பேசவாக்கா?” என்றாள்.

“வேணாம். இதைத் தூக்கி வுடு.”

கூடை தலைக்கு ஏறியது. என்றைக்கும் இல்லாத கனம். அடுத்த வீட்டு வாசலில் நின்று வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமாகத் தானாக வந்த வார்த்தை இன்றைக்கும் தானாகத்தான் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

“லாரி மீனு! கோவளம் மீனு! ரெண்டும் கீது!”

ராகம் உட்காரவில்லை. தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. இன்னொரு தடவை கூவினாள். இந்தத் தடவை கொஞ்சம் பரவாயில்லை. மாடி ஜன்னல் ஒன்று திறந்து யாரோ எட்டிப் பார்த்து, “லாரி மீனா?” என்று கேட்டார்கள்.

“ஆமாம்மா, லாரி மீனுதான். எறங்கி வந்து பாரு!”

கூடையை இறக்குவதற்குக் குனிந்தபோது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சுவர்மேல் வைத்த பாத்திரத்தைக் காணவில்லை. டீச்சர் அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனாரா, எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறாரா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. ஐஸ் உருகி ஃபைல் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள்.