தைமஸுக்குள் தசை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பிளேடு அக்கா. மெழுகில் புதைத்த சதைத் துணுக்கைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி எடுப்பது அவள் வேலை, அதனால் வந்த பெயர் என்று அவள் சொல்லுவாள். வாயைத் திறந்தால் மூடுவதில்லை, அதனால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்லுவார்கள்.

தலைமை டாக்டருக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு. சுத்தம் சார். மேசையை விரலால் தடவிப் பார்ப்பார், விரலை விளக்கில் காட்டிப் பார்ப்பார். வியாழக்கிழமை காலை, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அவளைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? குழந்தைக்கு இதய ஆபரேஷன் பண்றப்ப, குறுக்க நின்ன தைமஸ் சுரப்பியைக் கொஞ்சம் வெட்டி அனுப்பியிருக்காங்க. இதுல எப்படித் தசை வந்துச்சு?"

"தசையா சார்?"

"கோடு கோடா, ரோஸ் கலர்ல, தசையேதான். இதுக்கு முன்னாடி நீ வெட்டினதோட மிச்சம் தொட்டியில மிதந்திருக்கு. அது இதுல ஏறிக்கிச்சு."

சீவிய ஏட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டுத்தான் கண்ணாடி ஸ்லைடில் ஏந்துவார்கள். தொட்டியைச் சரியாகக் கழுவாவிட்டால் ஒருவர் உடம்பு இன்னொருவர் ஸ்லைடில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த அறையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

"ஒவ்வொரு மெழுகுக் கட்டைக்கும் தண்ணி மாத்துறேன் சார்."

"திங்கக்கிழமையிலேருந்து நீ கீழ ரெக்கார்டு ரூமுக்குப் போயிரு. லெட்டர் அடிக்கச் சொல்லிட்டேன். அங்க தண்ணி வேலையே கிடையாது."

பத்தொன்பது வருஷம் கத்தி பிடித்த கை. இனிமேல் காகிதக் கட்டுக்குக் கயிறு கட்ட வேண்டும். "சுத்தம்!" என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் சொல்லும் அர்த்தத்தில் அல்ல.

சாயங்காலம் அடுக்களையில் பட்டாணி உரித்தபடி ஓரகத்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஓரகத்தி பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர்.

"தைமஸுக்குள்ள தசை இருக்கலாமே அக்கா."

"நீ வேற ஏன்டி கடுப்பேத்துற?"

"நிஜமாத்தான். உடம்பைக் காவல் காக்குற செல்லுங்கள்ல ஒரு கூட்டம் அங்கதான் பயிற்சிக்கு வருது. வெளிய அனுப்புறதுக்கு முன்னால சொந்தக்காரங்களைக் காட்டி வைக்கணும்ல? அதுக்காக அந்தச் சுரப்பி, உடம்புல இருக்குற ஒவ்வொண்ணுலயும் துளித்துளி தானே செஞ்சு வச்சுக்கும். இவரு ஈரல் மாமா, இவங்க தோல் அத்தை, இவரு தசைச் சித்தப்பா. எங்க, யார் மேலயாவது பாயுறியான்னு பார்க்கும்."

"பாஞ்சா?"

"பெரும்பாலும் அங்கயே கதை முடிஞ்சுது. சிலதை மட்டும், 'நீ சண்டை போட வேணாம், சண்டைய விலக்கி விடு'ன்னு வேலைய மாத்தி அனுப்பும்."

"நான் கல்யாணமாகி வந்தப்ப எனக்கு யாரும் இப்படிக் காட்டலையே. நேரா அடுப்பைத்தான் காட்டினாங்க."

"உங்களுக்கு மத்தவங்களையாவது காட்டியிருப்பாங்க. நான் பின்னாடிதானே வந்தேன், என்னைக் காட்டாம விட்டுட்டாங்க. அதான் இன்னமும் என் மேல பாயுறீங்க."

ஒரு பட்டாணி பறந்துபோய் டீச்சரின் நெற்றியில் பட்டது.

"சரி, அது மிதந்து வந்ததா, உள்ளயே குடியிருக்குறதான்னு எப்படிக்கா தெரியும்?"

"மிதந்து வந்ததுன்னா தனியா மேல தொத்திக்கிட்டு நிக்கும். இன்னொரு தடவை வெட்டினா இருக்காது. குடியிருக்குறதுன்னா..." பிளேடு அக்கா பாதியில் நிறுத்தினாள். அவள் அப்படி நிறுத்தி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அதே கட்டையை இன்னொரு தடவை வெட்டிப் பார்த்துருவோம்."

"நீ வெட்டினா மறுபடியும் அதேதான் வரும்."

"அதான் சார், நீங்க வெட்டுங்க. உங்க கை சுத்தத்தைப் பத்தி இந்தக் கட்டடமே பேசுது."

ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றும் அண்ணன் சட்டென்று முகத்தைத் திருப்பி, புட்டிகளை எண்ணத் தொடங்கினார். அண்ணன் காதில் விழுந்த பிறகு டாக்டர் எப்படி மாட்டேன் என்பார்?

தொட்டியைத் தானே தேய்த்தார். தானே தண்ணீர் ஊற்றினார். புது பிளேடு மாட்டினார். சீவும் இயந்திரத்தின் சக்கரத்தை அவர் சுற்றிப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். முதல் ஏடு பொடிப்பொடியானது. இரண்டாவது, அவர் விட்ட பெருமூச்சில் கிளம்பி அவர் மீசையிலேயே உட்கார்ந்தது.

"மூச்சு விடாதீங்க சார்."

"எவ்வளவு நேரம்மா?"

"நான் எடுக்குற வரைக்கும்."

தூரிகையால் எடுத்தாள். அவசரமே படவில்லை. அப்புறம் வந்த ஏடெல்லாம் கசங்கல். பத்தாவது ஒரு மாதிரியாகத் தண்ணீரில் படுத்தது. அண்ணன் அதைக் காயவைத்துச் சாயம் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். டாக்டர் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இருக்கு."

"என்ன சார் இருக்கு?"

"தசை. நடுவுல. சுத்தி இருக்குற செல்லோட ஒட்டி, அதே மட்டத்துல."

"அடடா. தண்ணி யார் சார் மாத்துனது?"

"நான்தான்."

"தொட்டி யார் தேய்ச்சது?"

"போதும்மா."

"அது தசைச் சித்தப்பா சார். அங்கயே குடியிருக்குறவரு. காவக்காரப் பசங்களுக்கு அடையாளம் காட்ட உக்கார வச்சிருக்கு."

"எங்கயோ படிச்சிருக்கேன்..." என்றார் டாக்டர், மைக்ராஸ்கோப்பிடம்.

"இருக்கும் சார், ரொம்ப வருஷம் ஆச்சுல்ல" என்றார் அண்ணன், ரொம்பப் பணிவாக.

அவள் பதிவேட்டைத் திறந்து, 'வெட்டியவர்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தாள்.

"இரு, இரு. அதுல என் பேரைப் போட்டுராத. இந்த ஸ்லைடு எட்டா மடிஞ்சு கிடக்கு, நாளைக்கு வேற ஆஸ்பத்திரியில கேட்டா மானம் போயிரும். ஃபைலுக்கு நீயே நல்லதா ஒண்ணு வெட்டிக் குடு."

"நான் திங்கக்கிழமை கட்டுக்குக் கயிறு கட்டப் போறவ சார்."

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் புட்டிகளைப் பார்த்தார். டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து, கையெழுத்துப் போடாமல் கிடந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். காத்து படுது."