ஊசி அட்டை

‘டக்’ என்று ஒரு சத்தம். மெஷின் நின்றுவிட்டது.

ஊசி உடையும் சத்தம் தூக்கத்தில் கேட்டாலும் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஒன்பது வருடமாக இந்தப் பஞ்சுப் போர்வை தைக்கும் மெஷினோடு மாரடிக்கிறேன். கட்டிலை விட நீளமான ஒரு சட்டம், அதில் இழுத்துக் கட்டிய போர்வை, அதன்மேல் இங்கும் அங்கும் ஓடும் மெஷின் தலை. வீட்டின் பெரிய அறையை அதற்குக் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்தில் நாங்கள் நான்கு பேர் ஒண்டிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ‘மகாராணி’ என்று பெயர் வைத்தது என் கணவர்.

மகாராணி மல்லாந்தபோது மணி இரண்டே முக்கால். நான்கு மணிக்குப் போர்வை கிளம்பியாக வேண்டும்.

முன்னறையில் பஸ் டிரைவர் ஒருவர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் காத்திருந்தார். ஏழு வாரம் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த அவருடைய பெண் குழந்தை அன்றுதான் வீட்டுக்கு வருகிறது. கர்ப்பமாக இருந்தபோது உடுத்திய துணிகளையெல்லாம் வெட்டி இந்தப் போர்வைக்குக் கொடுத்திருந்தாள் தாய். இதில் சுற்றித்தான் குழந்தையை வெளியே எடுத்து வருவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாளாம். இன்னும் ஒரு சாண் தையல்தான் பாக்கி.

“என்னாச்சு அண்ணி?” என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் என் நாத்தனார். எதையும் அவசரமாகச் செய்து பாதியை உடைப்பதால் எங்கள் வீட்டில் அவளுக்கு மின்னல் என்று பெயர்.

“கண்ணு தெரியலையா? டார்ச்சை எடு.”

அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசி எட்டு மாதமாகிறது. வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுவேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு நாங்கள் தைத்த போர்வையை, கொடுத்த இரண்டாம் நாளே, “எனக்குப் பிடிச்சிருக்கு, நான் வச்சுக்கறேன்” என்று தன் கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். குழந்தை அழுதது. நான் கத்தினேன். “பச்சைப் பிள்ளை பொருளைப் பிடுங்கிப் போத்திக்கறவளை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?” என்று வந்த விருந்தாளிகளிடமெல்லாம் சொன்னேன். அவள் வாயைத் திறக்கவில்லை. கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கைச்சக்கரத்தைத் திருப்பினேன். அசையவில்லை. பின்பக்கமாகத் திருப்பினேன். இம்மியும் நகரவில்லை. ஊசியின் மேல் பாதி பிடியிலேயே இருந்தது. அதைச் சுற்றி நூல் கொசகொசவென்று அப்பியிருந்தது. நுனியைக் காணோம்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கட்டாயம் உண்டு. உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி, ஓர் அட்டையில் சேர்த்து வைத்து டேப் ஒட்ட வேண்டும். ஊசி முழுசானால்தான் போர்வை வாசலைத் தாண்டும். தேதி போட்டு அந்த அட்டைகளைச் சுவரில் ஓர் ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன். ஒன்பது வருடத்தில் பதினோரு அட்டைகள். கடைசி ஊசி உடைந்தது எட்டு மாதத்துக்கு முன்னால், மின்னல் கையில். அவள் ஒட்டிய அட்டைதான் எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது.

ஊசித் தட்டைக் கழற்றினேன். அடிநூல் சுற்றிய பாபினை உருவினேன். கீழே நூலைப் பிடித்துச் சுற்றும் கொக்கி இறுகிப் போயிருந்தது. சிக்கு விழுந்த நூலைக் கத்தரியால் இணுக்கு இணுக்காக வெட்டி எடுத்தேன். அப்படியும் கொக்கி அசையவில்லை.

“கொக்கியையே கழட்டணும். மூணு ஸ்க்ரூ. வெளிச்சத்தை ஆட்டாதடி!”

அவள் டார்ச்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது ஸ்க்ரூ வரமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். முன்னறையில் டிரைவரின் போன் அடித்தது. “இதோ கிளம்பிட்டேன்” என்று பொய் சொன்னார். எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. ஒரு வழியாக ஸ்க்ரூ இளகியது. கொக்கியை வெளியே எடுத்தால், அதன் பின்னால் பிரஷ் போகாத இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சுத் தூசி. அதற்குள் ஏதோ மின்னியது. இடுக்கியால் எடுத்தேன்.

ஊசி நுனி!

“கிடைச்சாச்சு!” என்று கத்தியே விட்டேன். டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். கொக்கியைத் துடைத்து மறுபடி மாட்டினேன். கைச்சக்கரம் பழையபடி சுழன்றது. மகாராணியைத் தட்டிக் கொடுத்தேன்.

“மேல் துண்டைக் கழட்டி ரெண்டையும் அட்டையில ஒட்டு. நான் புது ஊசி எடுக்கறேன்.”

திரும்பிப் பார்த்தேன். கையில் அட்டையோடு அவள் அப்படியே நின்றிருந்தாள்.

“ஒட்டிட்டியா இல்லையா? மணி மூணு இருபது!”

“அண்ணி...” அட்டையை என் பக்கம் நீட்டினாள். “ரெண்டு துண்டுலயும் காது இருக்கு.”

பிடுங்கிப் பார்த்தேன். மெஷின் ஊசிக்குக் காது நுனிப் பக்கம்தான் இருக்கும். மேல் துண்டு காதுக்குக் கீழேதான் உடைந்திருந்தது. நூல் கோக்கும் துளை முழுசாக இருந்தது. தூசியில் கிடைத்த துண்டிலும் ஒரு துளை. ஒரு ஊசிக்கு ஏது இரண்டு காது?

“இது எதோட நுனி?”

“போன தடவை ஒடைஞ்சது.”

“அதைத்தான் அன்னைக்கே அட்டையில ஒட்டினியே?”

“அன்னைக்கு நுனி கிடைக்கல அண்ணி. நீங்க வந்து திட்டுவீங்கன்னு பயந்து ஒரு புது ஊசியைப் பிளையர்ல ஒடைச்சு, அதோட நுனியை ஒட்டிட்டேன்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. ஓங்கிய கையைக் கஷ்டப்பட்டு இறக்கினேன். அவள் நினைத்திருந்தால் சத்தமில்லாமல் காதின்மேல் டேப்பை ஒட்டியிருக்கலாம். அவசரத்தில் நான் பார்த்திருக்க மாட்டேன். போர்வை போயிருக்கும். இன்று உடைந்த நுனி, அரிசி மூக்கு அளவு இரும்பு, அந்தப் பஞ்சுக்குள் குழந்தையோடு போயிருக்கும்.

டிரைவர் வாசலில் வந்து நின்றார். “ஆஸ்பத்திரியில கையெழுத்து போட்டாச்சாம். கொஞ்சம் குறையா இருந்தாலும் பரவாயில்லம்மா, குடுத்துடுங்க.”

“குடுக்க முடியாதுங்க. ஊசி முனை ஒண்ணு இதுக்குள்ள இருக்கு.”

அவர் முகம் வெளிறிவிட்டது. போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அறைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “தேடுங்க” என்றார்.

காந்தத்தை எடுத்து, கடைசியாகத் தைத்த இடத்தில் வரிவரியாக இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். மூன்று முப்பத்தைந்து. என் கை எனக்கே கட்டையாகத் தெரிந்தது.

“இழுக்கக் கூடாது அண்ணி” என்றாள் மின்னல். “இழுத்தா முனை பஞ்சோட சாஞ்சுக்கும். வச்சு, எடுத்து, வச்சு, எடுத்துப் பார்க்கணும். மேல இருந்து இல்ல, கீழ இருந்து.”

காந்தத்தை வாங்கிக்கொண்டு சட்டத்துக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். எப்போதும் அவசரப்படுபவள், ஒரு விரல் அகலம் நகர்த்தி, வைத்து, எடுத்து, மூச்சுவிட்டு, அடுத்த விரல் அகலத்துக்குப் போனாள். நூல் சிக்கு விழுந்த இடத்தையும் தாண்டி ஒரு கையளவு போய்விட்டாள். அங்கே எதற்கு என்று நான் வாயைத் திறப்பதற்குள், காந்தத்தை எடுக்கும்போது துணி ஒரு மிளகளவு கீழே இழுபட்டது.

“இங்க.”

நான்கு தையலைப் பிரித்தேன். பஞ்சுக்குள் இடுக்கியை விட்டு எடுத்தேன். அட்டையில் மேல் துண்டுக்குக் கீழே வைத்தேன். உடைந்த வாயும் வாயும் பொருந்தின. டேப்பை ஒட்டித் தேதி போட்டேன்.

புது ஊசி மாட்டி, துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்து, பிரித்த இடத்தையும் பாக்கி ஒரு சாணையும் தைத்து முடித்தேன். சட்டத்திலிருந்து அவிழ்த்ததும், நான் சொல்லாமலே மின்னல் போர்வையைத் தரையில் விரித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கன்னத்தை வைத்து அழுத்திப் பார்த்தாள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் பார்த்தாள். நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அவர் படியிறங்கி ஓடினார்.

வீடு அமைதியாகிவிட்டது. அவள் நூல் குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“காந்தம் வைக்க எங்க கத்துக்கிட்ட?” என்று கேட்டேன்.

கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஊசி உடைந்தபோது இந்தச் சட்டத்தில் கட்டியிருந்தது என் மகளின் போர்வை.

“அதனாலதான் அதைத் தூக்கிட்டுப் போனியா?”

“பாப்பா மேல கிடக்கறதைப் பார்த்துட்டு என்னால சோறு திங்க முடியல அண்ணி. தினமும் தேடினேன். காந்தத்துல ஒண்ணும் ஒட்டல. அப்பவும் மனசு நம்பல. சரி, நானே போத்திப்போம், எனக்குக் குத்தினா எடுத்துடலாம்னு...”

“நான் உன்னை ஊரெல்லாம் திட்டினேனேடி. அப்பவாவது சொல்லக் கூடாதா?”

“சொன்னா மெஷின் பக்கமே சேர்க்க மாட்டீங்கன்னு பயம்.”

சேர்த்திருக்க மாட்டேன்தான். அதை நினைத்தபோது எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஆணியிலிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்து, பொய் நுனியைப் பிய்த்துவிட்டு, தூசியில் கிடைத்ததை அதே இடத்தில் ஒட்டினேன். அதுவும் பொருந்தியது.

“இத்தனை நாள்ல ஒரு தடவையாவது குத்துச்சாடி?”

“இல்ல அண்ணி” என்றாள். “குத்தியிருந்தா அன்னைக்கே நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.”