ஜன்னதுல் பிர்தௌஸின் கறுப்புக் கிளிப்

1987 செப்டம்பரில், மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்து கிடந்த நாட்களில், கள்ளக்குறிச்சி முழுவதற்கும் ஜன்னதுல் பிர்தௌஸ் வீட்டுக் காரின் பேட்டரியிலிருந்துதான் கரண்ட் வந்தது. ஒரே ஆள் இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகக்கூடிய பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. அதில் மாவு மில் ஓடியது, ஆஸ்பத்திரியில் காற்றாடி சுற்றியது, கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்தது, கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் நேரம் தவறாமல் பேசின. ஊரில் என்னவோ தக்காளி கிடைக்காததைப் பற்றித்தான் ஜாஸ்தி பேச்சு.

அது கல்யாணக் கார். ஜன்னதுலின் கணவர் உமர் பாரூக் புதுச்சேரியிலிருந்து ஓட்டிவந்தது. கித்தான் கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் திறந்த காராகிவிடும். மடித்த கூரைமேல் மாப்பிள்ளையை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஊர்வலம் போவார்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று அந்தக் கார் கேட்டதில்லை. ஒவ்வொரு முகூர்த்த காலத்துக்கும் உமர் பாரூக் அதற்குப் புதுப் பெயின்ட் அடிப்பார். பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி, வெறும் இரும்பு என்று கைக்குத் தட்டுப்பட அந்த வண்டியில் இடமே இல்லாமல் போயிற்று. கல்வராயன் மலையில் சாமை விதைக்கும் மாயவன் தன் மகள் மகேஸ்வரியின் கல்யாணத்துக்கு அந்தக் கார் மலையேற வேண்டும் என்று கேட்டபோது, உமர் பாரூக் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வாக்குக் கொடுத்தார். மே மாதம் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார்.

கணவன் இறந்தபின் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் ஜன்னதுல் உட்கார்ந்தாள். காரும் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நின்றது. ஓடாத காரின் பேட்டரி செத்துவிடும் என்பதால், கொழுந்தன் அன்சர் சவூதியிலிருந்து கொண்டுவந்த சார்ஜர் பெட்டி ஒன்று இருந்தது. பேட்டரி நிறைந்தால் தானே அடங்கி, குறைந்தால் மறுபடி கொடுக்கும் சாதுவான பெட்டி. உமர் பாரூக் உயிரோடு இருந்தபோது அவளுக்குச் சொல்லியிருந்தார்: முதலில் சிவப்புக் கிளிப்பை பேட்டரியில் மாட்டு, கறுப்பை மட்டும் பேட்டரிக்குத் தள்ளி வெறும் இரும்பில் மாட்டு, கடைசியில் சுவிட்சைப் போடு, கழற்றும்போது இதையே தலைகீழாகச் செய். அவர் பேச்சை அவள் எழுத்து பிசகாமல் கேட்டாள். காரில் வெறும் இரும்பு அகப்படவில்லை. கொட்டகைப் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பி வெறும் இரும்பு, தள்ளியும் இருந்தது. கறுப்புக் கிளிப்பை அதில் மாட்டினாள். காரின் இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. மரங்கள் சாலையில் விழுந்தன, போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். ஊர் இருட்டாக வேண்டிய முதல் நாள் இருட்டாகவில்லை. லைன்மேன் தங்கதுரை கரண்ட் வரும் வழியைத் தேடிக்கொண்டே வந்து கொட்டகையில் நின்றான்.

"உங்க வூட்டு ஜன்னல்லேர்ந்துதான் ஊருக்கே போய்க்கினு இருக்குது, பாயம்மா. ரூல்படி தப்புங்க. ஆனா எடுத்துடாதீங்க."

"எடுக்கணும் தம்பி," என்றாள் ஜன்னதுல் திரைக்குப் பின்னாலிருந்து. "வெள்ளிக்கிழமை மாயவன் வூட்டுப் பொண்ணுக்கு கார் போவணும்."

வியாழக்கிழமை இத்தா முடிந்தது. கடைத்தெரு முழுவதும் அவள் வாசலில் வந்து நின்றது. அன்சர் கெஞ்சினான். "ஊரே இருட்டாயிடும் அண்ணி. வழியெல்லாம் மரம். முடியலன்னு சொன்னா மாயவன் ஒத்துக்குவாரு."

"மாயவன் ஒத்துக்குவாரு. உங்க அண்ணன்கிட்ட யாரு சொல்றது?"

உமர் பாரூக் முடிக்காமல் விட்டுப்போனது அந்த ஒரு வாக்குதான். அதுவும் பொய்யானால் அவர் பேசியதெல்லாம் வெறும் பேச்சாகிவிடுமே என்று அவள் பயந்தாள். ஊர்வலத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்குகளை எல்லாம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மறுநாள் சாயங்காலம் சுவிட்சை அணைத்து, கறுப்பைக் கழற்றி, சிவப்பைக் கழற்றி, ஸ்டியரிங் முன்னால் தானே உட்கார்ந்தாள். மூங்கில்துறைப்பட்டு ஆலை மைதானத்தில் உமர் பாரூக் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. கார் தாண்டத் தாண்டத் தெருத்தெருவாக விளக்குகள் அணைந்தன.

கச்சிராயபாளையம் சாலையில் முதல் புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் மறியலுக்கு வந்த கொளஞ்சியப்பனும் இருபது முப்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். திட்டுவதற்கென்றே எழுந்துவந்த கொளஞ்சியப்பன், காரைப் பார்த்ததும் அதன் கதவின்மேல் கையை வைத்தான். மூன்று வருஷம் முன்னால் அவனும் மாலையோடு அதில் உட்கார்ந்து போனவன்தான்.

"மரத்த எடுக்க மாட்டோங்க, பாயம்மா. அது போராட்டம்," என்றான். "காரைத் தூக்கறோம். நீங்க எறங்காதீங்க."

தூக்கினார்கள். அடுத்த மரத்தில் வேறு ஆட்கள், அவர்களிலும் பாதிப் பேர் அந்தக் காரில் மாப்பிள்ளையானவர்கள். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்று சண்டை போட்டுக்கொண்டே தூக்கினார்கள். அடிவாரம் வரை ஒரு மரமும் நகரவில்லை, ஜன்னதுலும் இறங்கவில்லை.

மலையில் மாயவன் ஊரில் இரண்டு தேர்தலுக்கு முன்பே கம்பம் நட்டு, கம்பி இழுத்து, பல்பும் மாட்டியிருந்தார்கள். கரண்ட் மட்டும் வந்ததில்லை. கார் ஊர் எல்லையில் நுழைந்ததும் பல்புகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மகேஸ்வரியின் தாய் செங்கம்மாள் அந்த வெளிச்சத்தில் முதலில் பார்த்தது மாயவன் வேட்டியில் இருந்த கறையை. போய் வேற கட்டிக்கினு வாய்யா என்று விரட்டினாள். மடித்த கூரைமேல் மகேஸ்வரி ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, வாய்விட்டுச் சிரித்தாள். மே மாதத்திலிருந்து அடக்கிவைத்த அழுகையை ஜன்னதுல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அங்கேதான் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாரனை அடித்தாள். ஊர்வலம் புறப்பட்டது.

சனிக்கிழமை திரும்பிவந்தபோது காரின் அடியில் தூக்கியவர்கள் பிடித்த இடமெல்லாம் பெயின்ட் உரிந்து வெறும் இரும்பு பளபளத்தது. கறுப்புக் கிளிப்பை மாட்ட அதுதான் சரியான இடம் என்பது அவளுக்கும் தெரிந்தது. ஊரின் முகத்தைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியிலேயே மாட்டினாள். மின்வாரியம் கம்பிகளைச் சரிசெய்துவிட்டுப் போனது. ஆனாலும் கள்ளக்குறிச்சியில் இன்றைக்கும் கரண்ட் போனால் ஒருத்தரும் யாரையும் திட்டுவதில்லை. மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, எங்கேயோ பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் போய்க்கினு இருக்குது, நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொள்கிறார்கள்.