தையற்காரர் வெட்டத் தயங்கிய செடி

தையற்காரர் வீட்டு மீன்தொட்டியில் இருந்த செடி எத்தனை குமிழி விட்டதோ, அத்தனை மூச்சுதான் அவர் மனைவி விட்டாள். இருபது வருட இழுப்பு நோய்க்காரி. நாலு படி ஏறினால் ஐந்தாவதில் உட்கார்ந்துவிடுவாள். பார்த்துக்கொண்டிருந்தால் மனசுக்கு நல்லது என்று வளர்ப்பு மீன் கடைக்காரர் ஒரு கட்டுத் தண்டுச்செடியைக் கொடுத்தார். உரம் வேண்டாம், தனி விளக்கு வேண்டாம், மணலில் குத்தினால் போதும் என்றார். தையற்காரர் கட்டை அவிழ்த்து, பொத்தானுக்கு இடம் விடுவதுபோல இரண்டு விரல் இடைவெளியில் தண்டு தண்டாக நட்டார். நான்காம் நாள் இலைகள் குமிழி விடத் தொடங்கின. ஒவ்வொரு குமிழிக்கும் அவள் மார்பு ஒருமுறை ஏறி இறங்கியது, இழுப்பே இல்லாமல். விளக்கணைத்த பிறகும் அது நிற்கவில்லை. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு மாத்திரையைப் பாதியாக்கினார். தொட்டிக் கண்ணாடியில் பாசி சேராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

செடி தண்ணீர் மட்டத்தை முட்டியது. நுனியை வெட்டி நட்டிருக்க வேண்டும். துணி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிற மனிதருக்கு இதில் கை வரவில்லை. பெண்டாட்டியின் மூச்சில் எவன் கத்தரி வைப்பான்? நீளமான பேன்ட்டை உள்ளே மடித்துத் தைக்கிற பழக்கத்தில், மிஞ்சிய தண்டுகளை நீருக்குள்ளேயே மடித்து நூலால் கட்டிவிட்டார். பத்து மாதத்தில் மேலே பச்சைப் பாய் விரிந்தது. கீழே வெளிச்சம் போகாமல் இலைகள் கறுத்து உதிர்ந்தன, தண்டுகள் அழுகத் தொடங்கின. குமிழி குறையக் குறைய அவள் முதலில் படியில் உட்கார்ந்தாள், பிறகு நாற்காலியில், பிறகு கட்டிலை விட்டு எழவில்லை.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கடைக்காரரைக் கூட்டிவந்தார்.

"மேல நல்லா இருக்குற நுனியை வெட்டி நடுங்க சார். அடிக்கட்டையும் ரெண்டு ரெண்டா துளிர்க்கும். ஆனா மூணு நாள் குமிழி விடாம சும்மாதான் நிக்கும்."

"மூணு நாளா?" என்று தையற்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கட்டிலில் இருந்தவள் கையை நீட்டினாள். "கத்தரியக் கொடுங்க. ஊருக்கெல்லாம் அளவா வெட்டுறீங்க, என் ஜாக்கெட்டை மட்டும் ஒரு தடவையாவது ஒழுங்கா வெட்டியிருக்கீங்களா?"

அவளே வெட்டினாள், அவளே நட்டாள். அதோடு மூச்சு நின்றது. எழுந்து வீடு பெருக்கினாள், ஊசியில் நூல் கோத்தாள். காற்று இல்லாததால் பேச்சு மட்டும் வரவில்லை. அவர் அடிக்கொரு தரம் அவள் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தார். அவள் கையைத் தட்டிவிட்டுத் துணி உலர்த்தப் போனாள். நான்காம் நாள் காலை அடிக்கட்டை ஒன்றில் இரண்டு துளிர் வந்து, ஒரு குமிழி எழுந்தது.

"மூணு நாளா சாப்பிடலையே நீங்க," என்றாள்.

அவர் வாய்விட்டு அழுதார்.

பதினோரு வருடமாக, ஐந்து வாரத்துக்கு ஒருமுறை அவள் செடியை வெட்டுகிறாள். தெருவில் எல்லோருக்கும் தெரியும்; அந்த மூன்று நாள் யாரும் துணி கொண்டுவருவதில்லை. அவரும் தையல் இயந்திரத்தை ஓட்டுவதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து, சத்தமாக மூச்சு விடுகிறார்.